பதினொரு பல் தைரியம்

வகுப்பில் கையைத் தூக்குவது சாதாரணக் காரியம் என்று நினைப்பவர்கள், பிறக்கும்போதே கையைத் தூக்கிக்கொண்டு பிறந்தவர்களாக இருக்க வேண்டும். என் கை அப்படிப்பட்டதல்ல. பூண்டு மூட்டை தூக்கும். பஸ் கூரையில் தொற்றி ஏறும். வேலி தாண்டி அடுத்தவர் தோட்டத்துப் பிளம்ஸைப் பறிக்கும். பள்ளிக்கூட மணி அடித்துவிட்டால் மட்டும் அதற்கு வாதம் வந்துவிடும்.

முப்பத்து நாலு வருஷம் கல்லூரியில் தமிழ் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் பாட்டுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று என்மேல் முதல்வரிடம் மனுவே போயிருக்கிறது. அப்பேர்ப்பட்டவன் பதினைந்து வயதில் வகுப்பில் ஊமை என்று பெயரெடுத்திருந்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. என் மனைவி மட்டும் நம்புகிறாள். (அந்தக் காலம் திரும்பி வராதா என்று ஏங்கவும் செய்கிறாள்.)

எங்கள் ஊர் பூம்பாறை. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டங்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். அறுபதுகளின் தொடக்கத்தில், மேல்படிப்புக்கென்று அப்பா என்னைக் கோடைக்கானலில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஊரில் இருந்தவரை நான் சரியான வாயாடி. பஸ் கண்டக்டர் மாதிரி, மருந்தடிக்க வந்த அதிகாரி மாதிரி, எங்கள் அத்தை அழுவது மாதிரியெல்லாம் பேசிக் காட்டி, களையெடுக்கிற பெண்களிடம் பொரிகடலை சம்பாதித்தவன்.

கோடைக்கானல் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் ஏதோ ஒரு கேள்விக்கு எழுந்து பதில் சொன்னேன். பதில் சரி. ஆனால் நான் பேசியது முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சு. வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. முதல் பெஞ்சில் ரோஸ்மேரி என்று ஒரு பெண். எல்லாக் கேள்விக்கும் அவள்தான் பதில் சொல்வாள். அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களைச் சிரிக்க வைப்பதே என் தொழில் என்றாலும், நான் கேட்காமலே அவர்கள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய், ஐந்தாம் பாரம் வரும்வரை (இப்போதைய கணக்கில் பத்தாம் வகுப்பு) திறக்கவே இல்லை.

எங்கள் தமிழய்யா காவிரிக் கரையில் பிறந்தவர். எந்தப் புண்ணியவானோ அவரை மலைக்கு மாற்றிவிட்டான். இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, கழுத்தைச் சுற்றி மப்ளர், காதை மூடிக் குரங்குக் குல்லாய். இத்தனைக்கும் நடுவில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் தெரியும். அந்த மூக்கு, அவர் மலையேறிய நாளில் அடைத்துக்கொண்டது. மூன்று வருஷமாகத் திறக்கவில்லை. 'மாணவர்களே' என்று அவர் கூப்பிட்டால் 'பாடவர்களே' என்றுதான் வரும். (இனிமேல் அவர் பேச்சை நானே திருத்தி எழுதிவிடுகிறேன். எல்லாவற்றையும் அப்படியே எழுதினால் உங்களுக்கும் சளி பிடிக்கும்.) குளிருக்குப் பயந்து வகுப்பறை ஜன்னல் அத்தனையையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் பாடம் ஆரம்பிப்பார்.

அந்த வருஷப் பாடப்புத்தகத்தில் ஒரு சிறிய பாட்டு. எழுதியவர் யாரென்று எனக்கு இப்போது மறந்துவிட்டது, பொருள் மறக்கவில்லை. மலையில் ஒரு பெண். மார்கழி மாதத்து மாலையில் தோட்டத்து ஓரம் நிற்கிறாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, காற்றும் இல்லை. அதைப் பார்த்து அவள் அழுகிறாள். விடிவதற்குமுன் ஓடையிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு வருகிறாள். வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தோட்டத்திலேயே கொட்டிவிடுகிறாள். மறுபடி மொள்கிறாள், மறுபடி கொட்டுகிறாள். சூரியன் வந்ததும் உட்கார்ந்து சிரிக்கிறாள். பாட்டு முடிந்தது.

தமிழய்யா உருகி உருகிப் பொருள் சொன்னார். கணவன் பிரிந்து போயிருக்கிறான். அழகான வானத்தைப் பார்த்ததும் பிரிவு தாங்காமல் அழுகிறாள். துயரத்தில் மதி மயங்கி, மொண்ட நீரைத் தரையில் கொட்டுகிறாள். கதிரவனைக் கண்டதும் கணவன் வருவான் என்ற நம்பிக்கையில் சிரிக்கிறாள்.

நான் பக்கத்தில் இருந்த காசிமைப் பார்த்தேன். காசிம், பஜாரில் பூண்டு மண்டி வைத்திருந்த ராவுத்தரின் மகன். எங்கள் தோட்டத்துப் பூண்டு அவன் அத்தா கடைக்குத்தான் போகும். அந்த வழியில் ஏற்பட்ட சிநேகம்.

"ஏலே காசிம், அவளுக்குப் பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன் காதுக்குள். "மார்கழியில சாயங்காலம் மேகமும் காத்தும் இல்லேன்னா ராத்திரி உறைபனி விழும். உருளைக்கிழங்குச் செடியில பனி கெடக்கும்போது வெயில் பட்டுச்சுன்னா எல கருகிரும். அதான் வெயிலுக்கு முந்தி தண்ணிய ஊத்திக் கழுவுறா. எங்கம்மா வருஷா வருஷம் பண்ற சோலிதான் இது."

காசிம் பாட்டின் கடைசி வரியில் விரலை வைத்தான். "அப்ப கடைசியில எதுக்குச் சிரிக்கா?"

"செடி தப்பிச்சிருச்சுல்ல."

"எந்திரிச்சுச் சொல்லுலே."

"நீ சொல்லிரேன்."

"எனக்கு உருளைக்கிழங்கு மூட்டையில வந்தாத்தான் தெரியும். ரெண்டாவது கேள்வி கேட்டார்னா நான் என்னத்தச் சொல்ல?"

மறுநாள் கையைத் தூக்கினேன். முக்கால்வாசி தூரம் போயிற்று. தமிழய்யா பார்த்துவிட்டு, "வெளியே போக வேண்டுமா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே போய், கழிப்பறைச் சுவரைக் கொஞ்ச நேரம் படித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அடுத்த நாளும் அதே கை, அதே கேள்வி, அதே சுவர். மூன்று வாரத்தில் ஒன்பது முறை. சுவரில் எந்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். இந்த வேலுச்சாமிக்கு ஏதோ நீர்க்கோளாறு என்று வகுப்பு முடிவுகட்டியது. செய்தி அத்தை காதுக்குப் போக, அவர் சாயங்காலத்துக்கு மேல் எனக்குத் தண்ணீர் தருவதையே நிறுத்திவிட்டார். ஒரு நல்ல இலக்கியக் கருத்துக்காகத் தாகத்தோடு படுத்தவன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்த நேரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்த அப்பா, அங்கே கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த தமிழய்யாவைப் பார்த்துவிட்டார்.

"நம்ம பய எப்படிப் படிக்கிறான் சார்?"

தமிழய்யாவுக்குப் பொய் வராது. "நல்ல பையன். எழுத்து அழகு. ஆனால் நான் வந்ததிலிருந்து அவன் குரலைக் கேட்டதில்லை. வெளியே மட்டும் அடிக்கடி போகிறான்."

அன்று சாயங்காலம் அத்தை வீட்டு வாசலில் அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏலே, வாயத் தொறக்காம இருக்கிறதுக்கு இம்புட்டுத் தூரம் வரணுமா? நம்ம தோட்டத்துல களையெடுத்துக்கிட்டே பேசாம இருக்கலாம்ல? புதன்கெழமை ராவுத்தர் மண்டிக்கு லோடு கொண்டாறேன். நேரா ஒன் வாத்தியார்கிட்ட வந்து கேப்பேன். பேசுனான்னார்னா இரு. இல்லேன்னார்னா அதே லாரியில ஏறிரு."

"அண்ணே, புள்ளைக்கு ஒடம்புக்கு முடியல" என்றார் அத்தை எனக்காக. "தண்ணிய நிறுத்தியிருக்கேன்."

"அப்ப தோட்டத்துல வந்து காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தோட்டத்தின்மேல் வெறுப்பு கிடையாது. ஆனால் அந்தப் பள்ளியில் ஓர் அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. நான் இரண்டாவது தட்டைத்தான் எட்டியிருந்தேன். மேலே இன்னும் மூன்று தட்டுகள் பாக்கி. லாரியில் ஏறினால் அவை என்னைவிட்டுப் போய்விடும்.

இங்கே எங்கள் ஊர் வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பூம்பாறையில் எல்லாவற்றுக்கும் பூண்டுதான். வயிற்றுவலிக்குப் பூண்டு, காதுவலிக்குப் பூண்டு, மாட்டுக்கு வயிறு உப்பினால் அதற்கும் பூண்டு. நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அம்மா ஒரு சுருக்குப்பையில் பூண்டு போட்டுக் கொடுத்து, "பயமா இருந்தா ரெண்டு பல்லக் கடிச்சுக்கப்பா, நெஞ்சுக்குப் பலம்" என்று சொல்லியிருந்தார். புதன்கிழமை காலை அந்தப் பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

இடைவேளைக்கு அடுத்த வகுப்பு தமிழ். தைல மரத்தடியில் நின்று இரண்டு பல்லைக் கடித்தேன். மலைப்பூண்டு, தெரியுமல்லவா, நாட்டுப் பூண்டு அதன் முன்னால் பால்சோறு. கண்ணில் தண்ணீர் வந்தது, தைரியம் வரவில்லை. அளவு போதவில்லை போலும் என்று இன்னும் இரண்டு. விக்கல் வந்தது. இன்னும் மூன்று. காது சூடாயிற்று. மணி அடிக்கும்போது ஒரு முழுப் பூண்டு, சரியாகப் பதினொரு பல், உள்ளே போயிருந்தது.

அந்த நேரத்தில் என்னைத் தடுத்திருக்க வேண்டியவன் காசிம். பக்கத்தில் நின்று, "வெரசா மெல்லுலே, மணியடிச்சிருச்சு" என்றுதான் சொன்னான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பூண்டு மூட்டைமேல் படுத்துத் தூங்கி வளர்ந்தவன். அவன் மூக்குக்கு அது காற்று. என் மூக்குக்கும் அப்படியே. பூண்டுக்கு ஒரு வாசம் உண்டு என்பதே எனக்கு அன்றுவரை ஒரு கேள்விப்பட்ட செய்திதான்.

தமிழய்யா வந்தார். ஜன்னல்களைச் சாத்தினார். வெளியே மூடுபனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. பழைய பாடத்தைத் திருப்பிக் கேட்பதாகச் சொல்லி, "அப்பெண் நீரை ஏன் நிலத்தில் கொட்டினாள்?" என்றார். ரோஸ்மேரி எழுந்து, பிரிவுத் துயரால் மதி மயங்கி, என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். "வேறு யாருக்காவது..." என்று அவர் இழுத்தபோது, காசிம் என் முழங்கையைப் பிடித்துக் கையை மேலே தூக்கிவிட்டான்.

"வெளியே போக வேண்டுமா?"

"இல்லீங்கய்யா."

நாற்பது தலைகள் திரும்பின.

"பின்னே?"

"ஒரு கருத்து இருக்குங்கய்யா."

"என்ன இருக்கிறது? குல்லாயில் காது கேட்கவில்லை. கிட்டே வந்து சொல்."

போனேன். அவர் மேஜைக்குப் பக்கத்தில், வகுப்பைப் பார்த்து நின்றேன். முதல் பெஞ்சு இரண்டு முழத் தூரம். ஆழமாக மூச்சிழுத்து வாயைத் திறந்தேன்.

"அந்தப் பொம்பளைக்கு மதி மயங்கலீங்கய்யா. அவ வெவரமானவ" என்றேன்.

ரோஸ்மேரியின் முகம் முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு விசித்திரமாயிற்று. கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. பிறகு, அவள் சரித்திரத்திலேயே முதல் தடவையாகப் பதில் சொல்வதற்கல்லாமல் கையைத் தூக்கி, "ஐயா, வெளியே போகணும்" என்றாள்.

அவள் சொன்ன பொருளை நான் மறுத்ததால் கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். மனசுக்குச் சங்கடமாக இருந்தாலும் விடவில்லை. உறைபனியைப் பற்றி ஆரம்பித்தேன். "சாயங்காலம் மேகம் இருந்துச்சுன்னா அது மலைக்குப் போர்வை மாதிரிங்கய்யா. மேகம் இல்லேன்னா..." முதல் பெஞ்சு மொத்தமாக எழுந்தது. "வெளியே போகணும் ஐயா." இரண்டாவது பெஞ்சு அனுமதிகூடக் கேட்கவில்லை.

"இன்று எல்லோருக்கும் என்ன வந்தது?" என்றார் தமிழய்யா. வகுப்பறையில் அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வருஷமாக அடைத்த மூக்கு. "போகிறவர்கள் போகட்டும். நீ சொல்."

இங்கேதான் ஒரு விஷயம் நடந்தது. எதிரே ஆள் குறையக் குறைய எனக்குத் தைரியம் கூடிக்கொண்டே வந்தது. நாற்பது பேர் முன்னால் திணறியவன், முப்பது பேர் முன்னால் சுமாராகப் பேசினேன். இருபது பேர் மிஞ்சியபோது கையை ஆட்ட ஆரம்பித்தேன். பத்துப் பேரானபோது, அந்தப் பெண் குடத்தை இடுப்பில் வைத்து வருகிற மாதிரி நடந்தே காட்டினேன். எங்கள் அம்மா நடக்கிற நடை. விடியுமுன் வெள்ளனே எழுந்து, விரல் விறைக்க ஓடைத் தண்ணீரை மொண்டு, ஒவ்வொரு செடிக்கும் தலைக்கு ஊற்றுவது போல ஊற்றுவார். "சூரியன் வந்தபெறகு எலையெல்லாம் பச்சையா நிக்கும்ங்கய்யா. அப்பத்தான் எங்கம்மா வரப்புல உக்காருவாங்க. அந்தப் பாட்டுல வர்ற மாதிரியேதான் சிரிப்பாங்க. அவுக வீட்டுக்காரர் எங்கயும் போகலீங்கய்யா. பக்கத்துப் பாத்தியில அவரும் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் இருப்பாரு. பாட்டுல எழுத விட்டுப்போச்சு."

சொல்லி முடித்துப் பார்த்தால் வகுப்பில் காசிம் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான். என் இலக்கிய வாழ்க்கை ஆரம்பித்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தமிழய்யாவைப் பார்த்தேன். அவர் எப்போதோ குல்லாயைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். மப்ளரையும் அவிழ்த்திருந்தார். (அடிப்பதற்கு வசதியாகக் கழற்றுகிறார் என்றுதான் அப்போது எண்ணினேன்.) அவர் என்னையே பார்த்தார். மூக்கு லேசாகத் துடித்தது. ஒரு தும்மல் போட்டார். இரண்டு, மூன்று... எட்டாவது தும்மலில் மேஜை நகர்ந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பிறகு நீளமாக, ஆனந்தமாக, இரண்டு துவாரங்களாலும் ஒரு மூச்சு இழுத்தார்.

"மாணவர்களே" என்றார். மணி போல வந்தது 'ம'. கேட்கத்தான் மாணவர்கள் இல்லை.

அப்போது கதவருகே அப்பா நின்றிருந்தார். தோளில் துண்டு, மேலெல்லாம் பூண்டுச் சருகு. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பாதியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாராம். உள்ளே வந்தார். அவர் மூக்குக்கும் எதுவும் தெரியவில்லை, தெரிந்தால்தானே அதிசயம்.

"என்ன சார், பய பேசுறானா?"

தமிழய்யா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தபடி, "பேசுகிறான் ஐயா. நன்றாகவே பேசுகிறான்" என்றார்.

அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வராந்தாவைப் பார்த்தார். "புள்ளைக எல்லாம் எதுக்கு வெளிய நிக்குதுக? சளியா?"

அவ்வளவுதான். லாரி என்னை ஏற்றாமல் பூம்பாறைக்குத் திரும்பியது. ஏறாதது நான் மட்டும்தான்; கதை ஏறிக்கொண்டது. "எம்மகன் தமிழ் பேசுனதக் கேட்டு வாத்தியாரே தேம்பித் தேம்பி அழுதுட்டாரு" என்று அப்பா லாரி டிரைவரிடம் ஆரம்பித்து, பூம்பாறையில் ஒரு வீடு விடாமல் சொல்லி, மலைக்கோடியில் இருக்கும் கிளாவரையில், பெண் கொடுத்த சம்பந்திவரை கொண்டுபோய்விட்டார்.

உண்மையை எங்களுக்குச் சொன்னது ரோஸ்மேரி. வராந்தாவில், கொஞ்சம் தள்ளி நின்று, "வேலுச்சாமி, கதவுக்கு வெளிய நின்னு எல்லாம் கேட்டோம். நீ சொன்னதுதான் கரெக்ட்" என்றாள். "நாளைக்கும் பேசு. ஆனா பூண்டு சாப்பிடாம வா."

நானும் காசிமும் ஒருவர் வாயை ஒருவர் முகர்ந்து பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் தமிழய்யா புதுப்பொருள் எழுதிப் போட்டார். 'பூம்பாறை மாணவர் கூறியது' என்று கரும்பலகையில் அடிக்கோடு வேறு. மணி அடித்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, "அந்த மருந்து இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை 'வெளியே போக வேண்டுமா' என்று கேட்டதில்லை. வாயை மூடச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். மேல்தட்டுப் புத்தகங்கள்வரை போய்ச் சேர்ந்தேன்.

என் கல்யாணத்துக்குக் காசிம் பூண்டைச் சரமாகக் கோத்து மாலையாகக் கொண்டுவந்து, மேடையில் என் கழுத்தில் போட்டு, மைக்கைப் பிடித்து முழுக்கதையையும் சொல்லிவிட்டான். அப்பா எழுந்து நின்று மறுத்தார். "பூண்டுக்கு யாராவது அழுவாங்களாய்யா? அது தமிழுக்கு வந்த அழுகை." இரண்டு பேரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

பல வருஷம் கழித்து, பழனி அடிவாரத்தில் ஒரு கடை வாசலில் தமிழய்யாவைப் பார்த்தேன். ஸ்வெட்டர் இல்லாததால் அடையாளமே தெரியவில்லை. நேரடியாகவே கேட்டுவிட்டேன்: "ஐயா, அன்னைக்கு நீங்க அழுதது எதனால?"

யோசித்தார். "மூக்குத் திறந்தது உன் பூண்டால்தான்" என்றார். "ஆனால் அதற்கு வெகுநேரம் முன்னாலேயே குல்லாயைக் கழற்றிவிட்டேனே, நீ கவனிக்கவில்லையா? அந்தக் குளிரில் நான் வேறு எதற்காவது அதைக் கழற்றியிருக்கிறேனா?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மனைவி நம்பவில்லை. அவள் காசிம் கட்சி. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது எதையோ சொல்லவந்து தயங்கினால், பேசாமல் ஒரு பல் பூண்டை எடுத்து அவர் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவாள். மகள் காதலித்த பையனைப் பற்றிச் சொன்னது அப்படித்தான். அந்த மாப்பிள்ளை வேலையை விட்ட செய்தியைச் சொன்னதும் அப்படித்தான்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, நேற்று எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, "படிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி எழுந்துபோய், வீட்டில் இருந்த ஜன்னல் அத்தனையையும் ஒன்றுவிடாமல் திறந்து வைத்தாள். பிறகு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "ம், இப்பப் படிங்க" என்றாள்.